விரலுக்கு வேண்டிய நிதானம்

மாதத்தின் முதல் புதன்கிழமையைச் சைபர் விழிப்புணர்வு தினமாக அனுஷ்டிக்கும் சம்பிரதாயம் நம் கலாசாலைகளில் சில வருஷங்களாக ஏற்பட்டிருக்கிறது. மத்திய உள்துறை அமைச்சகம் யோசனை கூற, பல்கலைக்கழக மானியக் குழு அதை ஏற்றுச் சுற்றறிக்கை அனுப்ப, கல்லூரி முதல்வர் அதைக் கணினித் துறைத் தலைவரிடம் ஒப்படைக்க, அவர் அதை நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரின் தோளுக்கு மாற்ற, இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்து சேரும் காகிதத்தின் பயனாக ஒரு பிற்பகலில் கருத்தரங்கக் கூடம் நிரம்புகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, பிரதம விருந்தினரின் உபந்நியாசம், திரையில் ஓடும் படங்கள், நன்றியுரை, தேசிய கீதம் ஆகிய யாவும் கிரமப்படி நடந்தேறியபின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்து விழுகிறது: மின்சான்றிதழ் வேண்டுவோர் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை நிரப்ப வேண்டும். அறியாத லிங்க்குகளைத் தொடாதீர்கள் என்ற உபதேசத்தை அப்போதுதான் கேட்டுவிட்டு வெளியே வந்த மாணவர்கள், இதை அனுப்பியவர் யார், இந்த விவரங்கள் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு வார்த்தை விசாரியாமல், முண்டியடித்துக்கொண்டு நிரப்பி முடிக்கிறார்கள்.

இதற்காக மாணவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. காதால் கேட்ட விஷயம் பரீட்சைத் தாளுக்குப் போகும், விரலுக்குப் போகாது. 2022 அக்டோபரில் மானியக் குழு இளங்கலை, முதுகலை வகுப்புகளுக்கென்று சைபர் பாதுகாப்புப் பாடத்திட்டம் ஒன்றையும் வெளியிட்டது, நல்ல காரியந்தான். ஆனால் ரசாயன வகுப்பில் உப்புப் பகுப்பாய்வைப் புத்தகத்தில் படித்தால் போதாது, கையில் சோதனைக் குழாயைப் பிடித்து, வண்ணம் மாறுவதைக் கண்ணால் கண்டு, செய்முறை ஏட்டில் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் வாங்க வேண்டுமென்று விதித்திருக்கும் அதே கலாசாலை, நித்தியம் பல மணி நேரம் மாணவன் கையிலேயே இருக்கிற கருவியின் அபாயங்களை மட்டும் பிரசங்கத்தாலேயே போக்கிவிடலாம் என்று நம்புவது எவ்வாறு என்பது எனக்கு விளங்கவில்லை. ஃபிஷிங் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பத்து மதிப்பெண்ணுக்குப் பிழையின்றி விடை எழுதும் மாணவி, அன்று மாலையே ஸ்காலர்ஷிப் பெயரால் வந்த போலிக் குறுஞ்செய்தியைத் தட்டிவிடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவளிடம் அறிவு இருக்கிறது; அப்பியாசம் இல்லை.

இந்த வித்தியாசத்தை வெகு தெளிவாக அம்பலப்படுத்திய சோதனை ஒன்று அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் 2004-ஆம் ஆண்டு நடந்தது. அங்கே ஆசிரியராக இருந்த ஆரன் ஃபெர்குசன் என்பவர், பயிற்சி மாணவர்கள் 512 பேருக்கு ராபர்ட் மெல்வில் என்ற கர்னலின் பெயரால் ஒரு மின்னஞ்சல் அனுப்பச் செய்தார். மதிப்பெண் பட்டியலில் ஏதோ கோளாறு நேர்ந்திருக்கிறது, கீழேயுள்ள லிங்க்கைத் தொட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும் என்பது அதன் சாரம். அகாடமியில் அப்படியொரு கர்னல் இல்லவே இல்லை. பெயரோ, பதினெட்டாம் நூற்றாண்டில் காரனேடு என்னும் குட்டைக் கப்பற் பீரங்கியை உருவாக்கியதாகச் சொல்லப்படும் ராணுவ அதிகாரியுடையது. கடிதத்தில் கண்ட அலுவலகம் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஏழாவது மாடியே கிடையாது. இவ்வளவு அடையாளங்களைக் கண்ணெதிரே வைத்திருந்தும், எண்பது சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் லிங்க்கைத் தொட்டார்கள். அதைக் காட்டிலும் சிந்திக்கத்தக்கது, கணினிப் பாதுகாப்பைப் பற்றி நான்கு மணி நேரம் பாடம் கேட்டிருந்த முதலாண்டு மாணவர்களில் தொண்ணூறு சதவிகிதத்தினர் தொட்டார்கள் என்பது. கர்னல் சொன்னால் கேள்வி கேளாமல் செய்வது ராணுவத்தின் தர்மம். மோசக்காரனுக்கு அந்தத் தர்மமே நுழைவாயில் ஆயிற்று. நம் நாட்டில் கர்னலுக்குப் பதிலாக ஹெச்.ஓ.டி. என்று போட்டுக்கொண்டால் போதும், கணக்கு ஒன்றும் பெரிதாக மாறாது.

அடுத்த வருஷம் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நடந்த பரிசோதனை இன்னும் மனத்தை உறுத்தக் கூடியது. சமூக வலைத்தளங்களில் யார் யாருக்கு நண்பர் என்று பகிரங்கமாகக் கிடந்த தகவல்களை ஆராய்ச்சியாளர்கள் திரட்டி, அந்த நண்பர்களின் பெயரால் மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதிலிருந்த லிங்க் ஓர் அந்நியத் தளத்துக்குக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லைக் கேட்டது. முன்பின் அறியாத ஒருவர் பெயரால் அனுப்பியபோது 16 சதவிகிதம் பேர் ஏமாந்தார்கள். நண்பர் பெயரால் அனுப்பியபோது 72 சதவிகிதம் பேர். முன்னறிவிப்பின்றித் தங்களைச் சோதனைப் பொருளாக்கிவிட்டார்கள் என்று மாணவர்களில் பலர் கோபங்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. அது நிற்க, அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை நம் வித்தியார்த்திகள் அறிந்துகொள்வது அவசியம். இன்ஸ்டாகிராமில் தோழியின் கணக்கைப் பிடுங்கிக்கொண்டு, "டீ, அவசரம், ஒரு ஆயிரம் ஜிபே பண்ணு, நாளைக்குத் தரேன்" என்று கேட்கும் இன்றைய திருடன் செய்வது அந்தப் பரிசோதனையைத்தான். அவன் கம்ப்யூட்டரை உடைப்பதில்லை, சிநேகிதத்தை உடைக்கிறான்.

இவற்றையெல்லாம் கண்டு சோர்ந்துவிடாமல், ஏமாறும் அந்தக் கணத்தையே பாடவேளையாக்கிக் கொண்டால் என்ன என்று யோசித்தவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார். பேராசிரியை லோரி கிரேனரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பொன்னுரங்கம் குமரகுரு (பெயரைக் கேட்டாலே நம் தெருக்காரராகத் தோன்றுகிறதல்லவா!) ஃபிஷ்குரு என்றொரு முறையை அமைத்தார். போலி மின்னஞ்சலை ஆராய்ச்சியாளர்களே அனுப்புவார்கள். அதில் அகப்பட்டுக்கொண்டவனுக்கு அபராதமோ அவமானமோ கிடையாது, அந்த நிமிஷத்திலேயே ஒரு சிறு சித்திரக் கதை திரையில் தோன்றி, எந்த இடத்தில் சந்தேகம் பிறந்திருக்க வேண்டுமென்று காட்டிக்கொடுக்கும். கூடவே, சிறிய மீன் ஒன்று புழுக்களைத் தின்ன முயலும் ஒரு விளையாட்டையும் அங்குள்ளோர் உருவாக்கினார்கள். ஒவ்வொரு புழுவுக்கும் ஓர் இணைய முகவரி உண்டு. நல்ல முகவரி இரை, கெட்ட முகவரி தூண்டில். 2009-இல் வெளிவந்த அவர்களது ஆராய்ச்சியில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 515 பேர் பங்குகொண்டார்கள். சித்திரக் கதையால் பாடம் பெற்றவர்கள் 28 நாட்கள் கழித்தும் அதை மறக்கவில்லை. இரண்டாந்தடவையும் பாடம் பெற்றவர்கள் அதிகக் கெட்டியானார்கள். உண்மையான மின்னஞ்சல்களைக் கண்டும் பயந்து ஒதுங்கும் கெட்ட பழக்கம் யாருக்கும் ஏற்படவில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் குறிப்பிடத்தக்க பேதம் தெரியவில்லை. வயதில் மாத்திரம் தெரிந்தது. பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்கு உட்பட்டவர்களே எல்லா நாட்களிலும் மற்றவர்களைவிட அதிகமாக ஏமாந்தார்கள்.

தாத்தா பாட்டிகள்தாம் போனில் ஏமாறுகிறார்கள், பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்று வீடுகளில் நிலவும் அபிப்பிராயத்துக்கு இது நேர் விரோதம். காரணம் கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமமன்று. பாட்டிக்குக் கருவியிடம் பயம் உண்டு. பயம் காலதாமதத்தை உண்டாக்கும். காலதாமதத்தில் பாதி மோசடிகள் கரைந்துபோகும். பேரனுக்கோ கருவி கைவந்தது; படிப்பதற்கு முன் விரல் முடிவு செய்துவிடுகிறது. அன்றியும், வாழ்க்கையில் வேறெந்தப் பருவத்திலும் இல்லாதபடி அந்நியர்களிடமிருந்து வரும் அவசரச் செய்திகளுக்காகக் காத்திருக்கும் பருவம் அது: ஹால் டிக்கெட், தேர்வு முடிவு, ஸ்காலர்ஷிப், விடுதி அனுமதி, இன்டர்ன்ஷிப், வேலை. காத்திருக்கும் மனத்துக்குத் தூண்டில் போடுவது சுலபம்.

நம் ஊர் மாணவர்களைச் சுற்றி விரிக்கப்பட்டிருக்கும் வலைகள் எவை? ஹோட்டல்களுக்கும் யூடியூப் காணொளிகளுக்கும் நட்சத்திரம் போட்டால் தினம் பணம் என்று டெலிகிராமில் வரும் பகுதிநேர வேலை ஒன்று; முதலில் நூறு இருநூறு கொடுத்து ருசி காட்டி, பிறகு ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டச் சொல்லி மறைந்துவிடும். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு மற்றொன்று. பத்திரிகை திறவாது, ஆனால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை, ஓடிபி உட்பட, எங்கோ இருப்பவன் படித்துக்கொண்டிருப்பான். உடனடிக் கடன் செயலிகள், பரிசுக் கூப்பன்கள், போக்குவரத்து அபராதச் சலான்கள் இவற்றையெல்லாம் விவரித்துக்கொண்டே போகலாம். நாளிதழ் படிப்பவர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் ஒன்றைப் பற்றிச் சற்று நின்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதில் மாணவன் ஏமாறுகிறவனாக மாத்திரம் இல்லை. "உன் அக்கவுண்ட் சும்மாதானே கிடக்கு? ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, மாசம் இவ்வளவு தரேன்" என்று ஒரு சீனியரோ, சீனியரின் சிநேகிதனோ கேட்கிறான். கேட்பவன் சிரித்த முகம்; தொகையோ விடுதி மெஸ் பில்லுக்குக் காணும். மாணவன் கொடுத்துவிடுகிறான். எங்கோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் பறித்த சேமிப்பு அந்தக் கணக்கில் வந்து விழுந்து, சில நிமிஷங்களில் பல துண்டுகளாகப் பிரிந்து வேறு கணக்குகளுக்குப் போய், பிறகு ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. போலீஸார் பணத்தின் சுவட்டைப் பிடித்துக்கொண்டு வரும்போது அவர்கள் முதலில் காணும் பெயரும், போட்டோவும், ஆதாரும் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனுடையவை. கேட்டவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இதை ஆயிரம் தடவை பேச்சில் எச்சரிப்பதைக் காட்டிலும், வகுப்பில் பத்துப் பேரைப் பத்துக் கணக்குகளாக நிறுத்தி, காகிதச் சீட்டுகளை ரூபாயாக்கிக் கைமாற்றச் செய்து, இறுதியில் ஒரு மாணவனைப் போலீஸ்காரனாக அனுப்பிச் சுவடு பிடிக்கச் சொன்னால் போதும். யாருடைய கையை அவன் முதலில் பிடிக்கிறான் என்பதை வகுப்பு முழுவதும் பிரத்தியட்சமாகப் பார்க்கும்.

அத்தகைய செய்முறை வகுப்பு எப்படி இருக்க வேண்டுமென்று என் மனத்தில் ஓர் உருவம் உண்டு. முப்பது பேருக்கு மேற்படாத கூட்டம்; ஒவ்வொருவர் கையிலும் அவரவர் சொந்தப் போன்; மேடையும் மைக்கும் வேண்டவே வேண்டாம்.

முதல் அப்பியாசம் முகவரி வாசிப்பு. இணைய முகவரியில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படித்துக்கொண்டு வந்தால் முதலில் எதிர்ப்படும் இரண்டு அல்லது மூன்று சொற்களே அந்தத் தளத்தின் உண்மையான உடைமையாளரைக் காட்டும். அவற்றுக்கும் இடப்புறத்தில் எவ்வளவு பெரிய வங்கியின் பெயர் எழுதியிருந்தாலும் அது அலங்காரமே. இருபது முகவரிகளைப் பலகையில் எழுதி, எது யாருடையது என்று உரக்கச் சொல்லச் செய்தால் அரைமணி நேரத்தில் கண் பழகிவிடும். இந்திய வங்கிகள் யாவும் தங்கள் தளங்களை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் இறுதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டுமென்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதன் உபயோகம் இந்த இடத்தில்தான் மாணவனுக்கு விளங்கும். முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னம் இருந்தால் பத்திரம் என்ற பழைய பாடத்தையும் அப்போதே அழித்துவிட வேண்டும். பூட்டு, வழியில் எவரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கே அத்தாட்சி. மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்பதற்கல்ல. இந்தக் குழப்பம் காரணமாகவே கூகுள் நிறுவனம் 2023-இல் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது.

இரண்டாவதற்கு ஒரு ரூபாய் செலவு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இருவர் யுபிஐ வழியாக ஒரு ரூபாயை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டும். அனுப்பியவன் பின் எண்ணைப் போட்டான். பெற்றவன் ஒன்றும் போடவில்லை, போன் தானே மணியடித்தது. பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டாம் என்பதை இவ்வாறு ஒருமுறை கையால் செய்தவனிடம், "பரிசு வாங்க இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க சார்" என்று எவனாவது சொன்னால், மூளை யோசிப்பதற்கு முன்னமே விரல் நின்றுவிடும்.

கடவுச்சொல் விஷயத்தில் மாணவர்களுக்கு உபதேசம் அலுத்துவிட்டது. ஆகவே அவர்களுடைய முகவரியை அவர்களே தேடட்டும். ட்ராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் நம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்த நிறுவனங்களிலிருந்து கசிந்த பட்டியல்களில் அது இருக்கிறதென்று காட்டிவிடும். கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. ஆயினும், முகவரியைக் கொடுப்பதற்கு முன்பு இத்தளத்தை மட்டும் நம்பலாமா என்று யாராவது ஒரு மாணவி கேட்டால் அவளுக்கு அன்றைய வகுப்பின் முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிடலாம். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் வெளியானபோது, அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456 என்பது தெரியவந்தது. மனித சுபாவம் இப்படி இருக்க, மாதத்துக்கொரு தடவை மாற்று, ஒரு பெரிய எழுத்துப் போடு, ஒரு குறியீடு போடு என்று நிர்ப்பந்திப்பதில் பிரயோஜனமில்லை என்பதை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இல் ஒப்புக்கொண்டு, நீளத்துக்கே முக்கியத்துவம் கொடுத்தது. சம்பந்தமற்ற நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடர் ஒன்றை மின்னஞ்சலுக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பாஸ்வேர்டு மேனேஜரிடம் ஒப்படைத்து, வாட்ஸ்அப்புக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அங்கேயே, அந்த வகுப்பிலேயே, பூட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்பவன் செய்யமாட்டான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, பார்வைக்கு எளிதாகத் தோன்றும் ஓர் அப்பியாசம்: போனை வைத்துவிடுவது. சிபிஐ என்றும் சுங்க இலாகா என்றும் சொல்லிக்கொண்டு, உன் பெயரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது, வீடியோ அழைப்பை விட்டு நகரக்கூடாது, உன்னை 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம் என்று மிரட்டும் கூட்டத்தைப் பற்றிப் பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரிக்க நேர்ந்தது. அப்படியொரு கைது நம் தேசத்துச் சட்டம் எதிலும் இல்லை. இதை அறிந்த மாணவனும் அழைப்பு வந்த கணத்தில் எழுந்து நின்று, "சார், சார்" என்று பதில் சொல்லத் தொடங்குகிறான். ஏனெனில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, முடிக்குமுன் போகாதே என்று பிறந்தது முதல் அவனை வளர்த்திருக்கிறோம். ஆகையால் வகுப்பில் நன்றாக நடிக்கத் தெரிந்த ஒருவனை இன்ஸ்பெக்டராக்கி, பக்கத்து அறையிலிருந்து அழைக்கச் செய்து, எதிர்முனையில் உள்ளவன் ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லாமல் துண்டிக்கப் பழக வேண்டும். முதல் தடவையில் பெரும்பாலோர் மன்னிப்புக் கேட்டுவிட்டே வைப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

பிறகு, எல்லா ஜாக்கிரதையையும் மீறிப் பணம் போய்விட்டால் செய்ய வேண்டியதற்கும் ஒத்திகை வேண்டும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்ததும் என்ன கேட்பார்கள்? எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன. அந்தப் பரிவர்த்தனை எண் தன் போனில் எங்கே ஒளிந்திருக்கிறதென்று ஒவ்வொருவரும் ஒருமுறை தேடிக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கையும் மனமும் நடுங்கும் வேளையில் அதைத் தேட முடியாது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பாய்வதற்குள் தடுத்து நிறுத்தினால்தான் மீளும் என்பதால் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. வங்கிக்கும் உடனே தெரிவிப்பது ஏன் என்பதையும் சொல்லலாம்: ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் வருஷச் சுற்றறிக்கைப்படி, வங்கியின்மீதும் வாடிக்கையாளர்மீதும் பிழையில்லாமல் மூன்றாமவனால் நேர்ந்த நஷ்டத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை; தாமே ஓடிபியைச் சொல்லிவிட்டவருக்கு, தெரிவிக்கும்வரை நேர்ந்த நஷ்டம் அவருடையதே, அதற்குப் பிறகு நேர்வது வங்கியைச் சேர்ந்தது.

மாணவிகளுக்கென்று ஒரு தனி அமர்வு, பெண் ஆசிரியை ஒருவர் நடத்துவதாக, இருப்பது உசிதம். அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறவனுக்குப் பலம் படத்தில் இல்லை, "அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்" என்ற பயத்தில் இருக்கிறது. பணம் கொடுக்காதே, செய்திகளை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை என்ற மூன்றையும் கூறுவதோடு, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கு எதிரான இத்தகைய குற்றங்களைப் பெயர் வெளியிடாமலே தெரிவிக்க வசதியிருப்பதைத் திரையில் திறந்து காட்ட வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையையும் காட்டலாம். அதில் படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அதன் ரேகை போன்றதோர் எண்தொடர் தயாராகி, அது மட்டும் பங்குபெறும் நிறுவனங்களுக்குப் போய், அதே படம் அங்கே ஏறுவதைத் தடுக்க உதவும்.

செய்முறை என்றவுடன் மாணவர்களை ஏய்த்துப் பரிகாசம் செய்வதென்று பொருள் கொண்டுவிடுவோரும் உண்டு. 2024 ஆகஸ்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில், இங்கே ஒருவருக்கு எபோலா கண்டிருக்கிறதென்று பல்கலைக்கழகமே ஒரு பரீட்சார்த்தப் போலி மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. பீதியைக் கிளப்பிப் பாடம் புகட்டப் பார்த்தால், அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது அதையும் நம்பமாட்டார்கள். நம் ஊரில் எவராவது போலி ஸ்காலர்ஷிப் செய்தியை அனுப்பி ஏழைப் பிள்ளைகளைச் சோதிக்க எண்ணினால், அது வேண்டாமென்று இப்போதே சொல்லி வைக்கிறேன். இந்த மாதத்தில் ஒரு நாள் போலிச் செய்தி ஒன்று வரும் என்று முன்கூட்டி அறிவித்துவிட்டு அனுப்பினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பயிற்சியின் பலனைப் பற்றிச் சந்தேகமே இல்லையா என்றால், உண்டு. அதை மறைப்பது யோக்கியமாகாது. ஸ்விட்சர்லாந்தின் இ.டி.ஹெச். சூரிச் கல்வி நிலையத்தார் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000 பேரைப் பதினைந்து மாதங்கள் கவனித்து 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏமாந்தவுடன் பாடம் காட்டும் முறை அங்கே பயன்படவில்லை. ஏமாறுவோரைச் சற்று அதிகப்படுத்தவும் செய்தது. சான் டீகோவில் ஒரு பெரிய மருத்துவ அமைப்பின் ஊழியர்கள் 19,500 பேரை எட்டு மாதங்கள் ஆராய்ந்து 2025-இல் வெளியான முடிவும் உற்சாகம் தருவதன்று: பாடம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் 1.7 சதவிகிதமே. பிட்ஸ்பர்க்கில் பலித்தது இங்கெல்லாம் பலிக்காமல் போவானேன்? சான் டீகோ ஆராய்ச்சியின் உள்ளே புகுந்து பார்த்தால் விஷயம் ஒருவாறு தெளிகிறது. திரையில் பாடம் தோன்றிய சந்தர்ப்பங்களில் முக்கால்வாசியில் ஊழியர்கள் அதில் செலவழித்த நேரம் ஒரு நிமிஷம் அல்லது அதற்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு தடவை உடனே மூடிவிட்டார்கள். அதாவது பாடம் நடந்ததேயொழிய மாணவர் இல்லை. கேள்வி பதிலாக, தாமே செய்துபார்க்கும் பாடத்தை முழுவதும் முடித்தவர்கள் மட்டும் பிற்பாடு ஏமாறுவது 19 சதவிகிதம் குறைந்திருந்தது. முடிக்கும் பொறுமை உள்ளவர்கள் இயல்பிலேயே ஜாக்கிரதைக்காரர்களாக இருக்கலாமே என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ள முடியாதுதான். இருப்பினும், பேச்சையும் படத்தையும் விட்டுக் கையால் செய்யும் வகுப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது. அதிலும் தனியே திரைமுன் அமர்ந்து செய்வதைவிடப் பத்துப் பேர் கூடிச் செய்யும் வகுப்பின் பக்கம்.

சூரிச்சுக்காரர்கள் கண்ட மற்றொன்று நம் கலாசாலைகளுக்கு உடனே உபயோகப்படும். சந்தேகமான மின்னஞ்சலைக் கண்ட ஊழியர் ஒரு பொத்தானை அழுத்தித் தெரிவிக்கும்படி வசதி செய்து கொடுத்ததில், கூட்டத்தின் கண்கள் சேர்ந்து புதிய மோசடிகளை விரைவில் காட்டிக்கொடுத்தன. மாதங்கள் கடந்தும் தெரிவிப்பவர்களின் ஆர்வம் குன்றவில்லை. நம் கல்லூரியில் மாணவனுக்குச் சந்தேகமான செய்தி வந்தால் யாரிடம் காட்டுவது? பெரும்பாலும் யாரிடமும் இல்லை. காட்டினால் "இதையெல்லாம் ஏன் திறந்தாய்?" என்ற கேள்விதான் முதலில் வரும். திட்டாமல் வாங்கிப் பார்த்து, போலியென்றால் அன்றைக்கே எல்லா வகுப்புக் குழுக்களுக்கும் செய்தி அனுப்பும் ஒரு ஆசிரியர், அவருக்குத் துணையாக நாலு மாணவர்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த நாலு பேருக்கு நாட்டு நலப்பணித் திட்டத்தின் வருஷாந்தர 120 மணி நேரத்தில் இதையும் கணக்கிட்டுக் கொடுக்கலாம். மரக்கன்று நடுவதற்குக் கொஞ்சம் மணி நேரம் குறையும், பரவாயில்லை.

இனி, எப்போது நடத்துவது என்ற கேள்வி. முதலாண்டு மாணவர் சேர்க்கை முடிந்து, விடுதிக் கட்டணமும் பல்கலைக்கழகக் கட்டணமும் ஆன்லைனில் கட்டச் சொல்லிச் செய்திகள் வரத் தொடங்கும் முதல் மாதத்திலேயே ஓர் அமர்வு. பிட்ஸ்பர்க் ஆராய்ச்சி 28 நாட்களுக்கு மேல் நினைவைச் சோதிக்கவில்லை என்பதால் அதற்குள் ஒரு சிறு மறுபயிற்சி. பிறகு இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூ ஆரம்பமாவதற்கு முன் இன்னொன்று, ஏனெனில் செக்யூரிட்டி டெபாசிட் கேட்கும் போலி வேலை உத்தரவுகளும், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய் மியான்மர் எல்லையில் பூட்டி வைத்து, பிறரை ஏமாற்றும் வேலையைத் துப்பாக்கி முனையில் வாங்கும் ஏஜெண்டுகளின் செய்திகளும் குவிவது அப்போதுதான். அந்த அமர்வில் மாணவர்கள் தங்களுக்கு வந்திருக்கும் வேலைக் கடிதங்களையே கொண்டுவந்து, நிறுவனத்தின் முகவரியைத் தாங்களே தேடிப் பிடித்து, அங்குள்ள எண்ணுக்குப் போன் செய்து, இப்படியொரு கடிதம் அனுப்பினீர்களா என்று வகுப்பிலிருந்தபடியே கேட்டுவிட வேண்டும்.